கம்பெனிக்காரன் போட்ட தகடு

ஏப்ரல் 17

டாக்டரம்மா சொல்லிவிட்டார். கோபம் வந்தால் கத்தக் கூடாதாம், எழுத வேண்டுமாம். கத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறுமாம், எழுதினால் இறங்குமாம். இருபத்தொன்பது வருஷம் லாரி எஞ்சின்களுக்கு நடுவே நின்று கத்தியே பேசிப் பழகியவனைப் பார்த்து, இனிமேல் பேனாவால் கத்து என்கிறார். சரி. உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. இன்று முதல் கத்தல்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு நாள் ஆகிறது. ஜூன் பதினாலு வரை ஒரு விசைப்படகும் (இவர்கள் பேச்சில் லாஞ்சி) கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குஞ்சு பொரிக்க அரசாங்கம் கொடுத்த லீவு. மீனுக்கு லீவு, எனக்கு வேலை. என் மனைவி செலினின் தம்பி ரோமால்டு காலையிலேயே ஷெட் வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், லாஞ்சி எஞ்சின இறக்கணும். துறைமுகத்துல ஜெபஸ்டின் கையில பதினாலு எஞ்சின் கெடக்கு. மே கடைசியிலதான் தொடுவேங்கான். நீங்க பாத்துத் தாங்க."

"எனக்கு லாரிதான் தெரியும் மாப்ள."

"லாரி எஞ்சின்தான அத்தான் அது. ஆறு சிலிண்டர். உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு."

அடக்கத்துக்காகச் சொன்னேன். கடல்காரன் அதையும் நிஜம் என்று நம்பிவிட்டால் என்ன செய்வது என்று உடனே ஒத்துக்கொண்டேன்.

ரோமால்டு செலினுக்குத் தம்பி என்று பெயர். உண்மையில் மூத்த பிள்ளை. மாமியார் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நாலு வயது. இவள்தான் சோறு ஊட்டி வளர்த்தாள். எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்கு ஒன்பது வயது. பீரோ, கட்டில், குத்துவிளக்கு, ரோமால்டு என்று சீர்வரிசையில் சேர்த்தே அனுப்பினார்கள். பீரோ துருப்பிடித்துவிட்டது. இவன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான்.

ஏப்ரல் 20

எஞ்சின் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. கூடவே ஊர்ப்பட்ட மீன் வாடையும் துருவும். கடல்காரர்கள் எஞ்சினை 'அவ' என்கிறார்கள்.

"அவளுக்கு ரெண்டு வருசமா மூச்சு முட்டுது அத்தான்" என்று ரோமால்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற முகத்தோடு சொன்னான்.

புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை. இதற்கு மூச்சு முட்டல் என்று பெயரில்லை, ரிங் தேய்மானம் என்று பெயர். செலின் ஷெட்டுக்கே வந்து எஞ்சின் மேல் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். என் ரத்தக் கொதிப்புக்கு ஒரு நாளும் சிலுவை போட்டதில்லை.

ஏப்ரல் 23

திறந்தாயிற்று. ரிங் போச்சு, பேரிங் போச்சு, லைனர் போச்சு. எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றே ஒன்று.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியை சம்ப் என்போம். அதற்குள்ளிருந்து ஒரு குழாய் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். நான் திறந்த நானூறு லாரி எஞ்சின்களில் சம்ப்புக்குள் ஆயிலும் அந்தக் குழாயும்தான் இருந்தன. இதில் நடுவே ஒரு தகடு. முழ நீளம், சாண் அகலம், உடம்பெல்லாம் சல்லடைத் துளை. ஓரங்களை மடக்கி, நாலு காது வைத்து, நாலு போல்ட்டில் முடுக்கியிருக்கிறான். முதுகில் கம்பெனி நம்பர் வேறு.

எதற்கு? கேட்டால் கம்பெனிக்காரன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவான். எனக்குத் தெரிந்த வரையில், இரும்பு மிச்சமாகியிருக்கும்.

ஏப்ரல் 24

தகட்டைக் கழற்றும்போது கொஞ்சம் வளைந்தது.

ஏப்ரல் 25

வளைந்தது என்று நேற்று எழுதியது சரிதான். அதோடு இரண்டு காதும் விட்டுப்போயிருக்கின்றன. நடுவில் ஒரு கீறலும் ஓடியிருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டுக்கு நானா பொறுப்பு? சுத்தியலை எடுத்தேன், அதை மறைக்கவில்லை. உலகத்தில் சுத்தியல் எடுக்காத மெக்கானிக் யார்?

வெல்டு வைத்தால் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் வெல்டிங் பட்டறைக்காரன் "எப்படி அண்ணாச்சி ஒடஞ்சுது?" என்று கேட்பான். இன்னாசி மெக்கானிக்குக் கடல் எஞ்சினில் ஒரு தகடு கழற்றத் தெரியவில்லையாம் என்று சாயங்காலத்துக்குள் பைபாஸ் டீக்கடை அத்தனையும் பேசும். டீ குடித்துக்கொண்டே என் பெயரைத் துவைப்பார்கள். வேண்டாம்.

ஏப்ரல் 29

பார்ட்ஸ் கடை பால்பாண்டியிடம் சும்மா விசாரித்தேன்.

"அது லாஞ்சி எஞ்சினுக்கு மட்டும் வாரது அண்ணாச்சி. லாரிக்குக் கெடையாது. கம்பெனிக்கு எழுதினா அஞ்சு வாரத்துல வந்துரும். எழுதட்டா? ஒடஞ்சிட்டா?"

"ஒடையல. சும்மா கேட்டேன்."

லாரிக்குக் கிடையாது என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். இதைத்தான் நானும் சொல்கிறேன். அதே எஞ்சின், அதே கம்பெனி. இந்தத் தகடு இல்லாமலே இந்தியா முழுவதும் லாரிகள் மலை ஏறி இறங்குகின்றன. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் கவிழாத ஆயிலா இந்தக் கடலில் கவிழ்ந்துவிடப் போகிறது? ரோட்டில் இல்லாத பள்ளம் தண்ணீரில் எங்கிருந்து வரும்? யோசித்துப் பார்த்தால், தகட்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே உள்ளுக்குள் தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் கை சுத்தியலை எடுத்திருக்கிறது.

மே 4

வெயில். ரத்தக் கொதிப்பு நூற்றறுபது. எழுதச் சொன்ன டாக்டரம்மா மாத்திரையையும் கூட்டிவிட்டார்.

மே 11

எஞ்சின் கோத்து முடித்தாயிற்று. ரிங் புதுசு, பேரிங் புதுசு, லைனர் புதுசு. தட்டில் மிஞ்சியது நாலு போல்ட்டும் ஒரு தகடும். வேலை முடிந்து போல்ட் மிஞ்சினால் அவன் கற்றுக்குட்டி. தகடே மிஞ்சினால் அவன் ஆராய்ச்சியாளன். தினத்தாளில் சுற்றி, கேஸ்கெட் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. அங்கேதான் இடம் இருந்தது.

மே 18

துறைமுகத்தில் செயின் பிளாக் போட்டு எஞ்சினைப் படகுக்குள் இறக்கினோம். வேடிக்கை பார்க்க ஜெபஸ்டின் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். லுங்கியும் ஓட்டைப் பனியனும். பார்த்தால் மெக்கானிக் என்று சொல்ல முடியாது, எஞ்சினிலிருந்து கழன்று விழுந்த சாமான் என்று சொல்லலாம். நல்ல பையன்தான். அதுதான் எரிச்சல்.

"அண்ணே, சம்ப்புக்குள்ள அந்தத் தகடு நல்லா இருந்துச்சா? உப்புல அதுக்குக் காது ஒடியும். பாத்துக் கழத்தணும்."

"உள்ள இருக்க வேண்டியதெல்லாம் உள்ள இருக்கு தம்பி."

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. என் கணக்குப்படி உள்ளே இருக்க வேண்டியவை எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன.

அப்புறம் ரோமால்டு ஒரு குண்டைப் போட்டான். "அத்தான், தொறந்த கைதான் மொத நாள் கூட வரணும். இங்க அதான் வழக்கம். பதினஞ்சாந்தேதி காலையில அஞ்சு மணிக்கு நீங்களும் ஏறணும்."

எஞ்சினைப் பிரித்துக் கோத்த மெக்கானிக், தடைக்காலம் முடிந்த முதல் நாள் அந்தப் படகிலேயே கடலுக்குப் போக வேண்டுமாம். இது என்ன வழக்கம்? பிரசவம் பார்த்த டாக்டர் பிள்ளையோடு பள்ளிக்கூடமா போகிறார்? லாரியை முடித்துக் கொடுத்துவிட்டு நான் கூடவே நாக்பூர் வரை போனதுண்டா?

"நீ எப்படிப்பா பதினாலு லாஞ்சில ஏறுவ?" என்று ஜெபஸ்டினை மடக்கினேன்.

"ஒண்ணுலதான் ஏற முடியும்ணே. எதுலன்னு கடைசி வரைக்கும் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கே அன்னைக்குக் காலையில சீட்டு எடுத்தாத்தான் தெரியும். அதனால பதினாலையும் ஒழுங்கா பாத்துருவேன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வது?

மே 21

ஓட்டிப் பார்த்தோம். படகு அணையும் மேடையை இங்கே பாலம் என்பார்கள், அதில் கட்டிப்போட்டு மூன்று மணி நேரம். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள் நாலில் ஆணி அடித்தாற்போல நின்றது. புகை இல்லை, கசிவு இல்லை. ரோமால்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அவ பேச ஆரம்பிச்சிட்டா அத்தான்" என்றான்.

இதைத்தான் சொன்னேன். தகடாம் தகடு.

மே 26

எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. மத்தியானம் வேலை இல்லாததால் ஒரு விளையாட்டு. செலின் மீன் கழுவுகிற அகலச் சட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு துண்டு ரப்பர் குழாயை நிறுத்தி, சட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஆட்டும்போதெல்லாம் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப்போய், குழாயின் வாய் அந்தரத்தில் நின்றது.

தண்ணீர் வேறு, ஆயில் வேறு. ஆயில் கெட்டியானது, அப்படி ஓடாது. அதையும் பார்த்துவிடலாம் என்று பழைய ஆயிலை ஊற்றினேன். ஓடியது. கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஓடியது, அவ்வளவுதான். குழாயின் வாய் அப்போதும் அந்தரத்தில்தான்.

செலின் வந்து பார்த்தாள். மீன் சட்டியில் கறுப்பு ஆயில், நடுவில் குழாய், ஆட்டிக்கொண்டு நான்.

"என்னங்க இது?"

"எக்சர்சைஸ். டாக்டரம்மா சொன்னாங்க."

"சட்டியையுமா வெளக்கச் சொன்னாங்க?"

விளக்கினேன். ஆறு தடவை விளக்கியும் வாடை போகவில்லை. இனி இரண்டு நாளைக்கு வீட்டில் கருவாடுதானாம்.

மே 29

பாதுகாப்புக்கு இரண்டு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றிப் பார்த்தேன். ஆயில் நுரைத்து, எஞ்சின் மூச்சுவிடும் குழாய் வழியாகத் துப்பிவிட்டது. அவளுக்கு வேண்டிய அளவு அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. 'அவளுக்கு' என்று நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். திரும்ப வடித்து எடுத்தேன்.

ஜூன் 3

பால்பாண்டியிடம் அன்றைக்கு எழுதச் சொல்லியிருந்தால் இன்றைக்குத் தகடு வந்திருக்கும். தேவைப்பட்டிருந்தால் சொல்கிறேன். தேவைப்படவில்லை.

ஜூன் 10

துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விட்டார்கள். நானும் ஏறினேன். அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. முள் நாலில் நின்றது. ரோமால்டு உற்சாகத்தில் சுவரின் வாய் வரை கொண்டுபோய்த் திருப்பினான். அங்கே வெளிக்கடல் அலை ஒன்று பக்கவாட்டில் வந்து தூக்கியது. படகு ஒருக்களித்துப் படுத்து எழுந்தது.

முள் நாலிலிருந்து ஒன்றுக்குக் கீழே விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். திரும்ப ஏறியது.

ரோமால்டு முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அழுத்தம் குறைந்தால் கத்த வேண்டிய பஸ்ஸரின் வயரை எலி தின்று இரண்டு வருஷம் ஆகிறதாம். முள் விழுந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அடுத்த நிமிஷமே பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். லாரிக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மீட்டர் பழசு. அதுதான் காரணம்.

ஜூன் 11

புது மீட்டர் மாட்டினேன். பாலத்தில் கட்டிப்போட்ட படகில் முள் நாலில் நிற்கிறது. கட்டிப்போட்டால் நானும் யோக்கியன்தான்.

ஜூன் 12

ஜெபஸ்டினைத் தேடிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். என் சிநேகிதர் ஒருவர், வேறு ஊர்க்காரர், அவருக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன்.

"உங்க சிநேகிதர்ட்ட சொல்லுங்கண்ணே," என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல். "லாரி வளைவுல சாஞ்சா ஒரு தடவ சாயும், நிமிரும், அப்புறம் நேர் ரோடு. லாஞ்சி காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சாஞ்சுக்கிட்டேதான் இருக்கும். மேக்கேருந்து அடிக்கிற கச்சான் காத்து நேரத்துல கேக்கவே வேண்டாம். ஆயில் ஓரத்துக்கு ஓடும்போது அந்தக் கொழாய் காத்தக் குடிக்கும். அந்தத் தகடுதான் ஆயில ஓட விடாமப் புடிச்சு வச்சிருக்கும். அது இல்லேன்னா மொதல்ல ஒண்ணும் தெரியாது. எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஓடும். பெறகு பேரிங் உருகி எஞ்சின் புடிச்சுக்கும். அப்ப கரை முப்பது மைல்ல இருக்கும்."

"புடிச்சுக்கிட்டா?"

"படகு காத்துக்குக் குறுக்க நிக்கும். வலை வேற உள்ள கெடக்கும். கச்சான் அடிச்சான்னா கவுந்துரும்ணே."

டீயைக் குடித்து முடித்துவிட்டு, "உங்க சிநேகிதர் நல்ல மெக்கானிக்காத்தான் இருப்பாரு" என்றான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஜூன் 13

ரோமால்டிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதை இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, டாக்டரம்மா கடலுக்குப் போகக் கூடாது என்கிறார், வழக்கத்தை இந்த ஒரு தடவை மன்னித்துவிடு என்று சொன்னேன்.

"உடம்பப் பாருங்க அத்தான், அதான் முக்கியம்," என்றான் அவன். "ஒங்க கை பட்ட எஞ்சின். நீங்க வந்த மாதிரிதான்."

இதை அவன் திட்டாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். செலின் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. முப்பது வருஷத்தில் அவள் ஒன்றும் பேசாமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஒன்றுகூட எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

ஜூன் 14

காலையில் அடுப்படி மேடையில் இரண்டு தூக்குவாளி. கழுவித் துடைத்து வைத்திருந்தாள். முதல் நாள் கடலுக்குத் தம்பிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பது வருஷாவருஷம் நடப்பதுதான். அதற்கு ஒரு தூக்கு.

"ரெண்டாவது யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்குத்தான் டாக்டரம்மா கடல் கூடாதுன்னுட்டாங்களே."

"போன் போட்டுக் கேட்டேன். கடலப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலையாம்."

புளியைக் கரைத்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"என் சட்டியில ஆயில ஊத்தி ஆட்டுனீங்கள்ல, அன்னையிலேருந்து நீங்க ஒழுங்கா சாப்பிடல. எனக்கு எஞ்சின் தெரியாதுங்க. உங்களத் தெரியும். அவன் போறதா இருந்தா நீங்களும் கூடப் போங்க. நீங்க ஏற மாட்டீங்கன்னா அவனும் ஏற வேண்டாம். எதுன்னு நீங்களே போய்ச் சொல்லிருங்க. புளி ரெண்டு பேருக்குத்தான் கரைச்சிருக்கேன்."

செலின் என் யோக்கியதையை நம்பி அந்தத் தூக்கை எடுத்து வைக்கவில்லை. என் பயத்தை நம்பி எடுத்து வைத்திருக்கிறாள். கட்டிய மனைவி என்றால் இப்படியல்லவா புருஷனைக் கணித்திருக்க வேண்டும். கோபம் வந்தது. எழுதலாம் என்று டைரியை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஷெட்டுக்குப் போய்த் தினத்தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு துறைமுகம் போனேன். மத்தியானம் மூன்று மணி. பாலம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். எல்லாப் படகிலும் கொடி, மாலை. ரோமால்டு படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"மாப்ள, ஐஸ நிறுத்து."

"ஏன் அத்தான்?"

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. உடைத்தது நான் என்று சொன்னேன். உள்ளே போடவில்லை என்று சொன்னேன். பத்தாம் தேதி முள் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் சொல்லவில்லை என்று சொன்னேன். இந்த எஞ்சினோடு போனால் வர மாட்டீர்கள் என்று சொன்னேன். படகு ஆட்கள் ஆறு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்டார்கள். தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று லாரிக்காரன் கடல்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் எனக்கு நானே விளக்கியதைவிட நன்றாகவே விளக்கினேன்.

ரோமால்டு தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஒடஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா எத்தன நாள் வேல அத்தான்?"

"ஒரு நாள்."

"ஒரு நாள்" என்றான். தகட்டைப் பலகை மேல் மெதுவாக வைத்தான். ஆட்களைப் பார்த்து, "வேற லாஞ்சில எடம் இருக்கான்னு கேட்டுப் போங்கடா, மொத நாள விட்டுராதீங்க" என்றான். அவர்கள் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தன்கூட என்னைத் திட்டவில்லை. ஏற்றிய ஐஸ் ஒழுகி என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜெபஸ்டின் வந்தான். கழித்துப் போட்ட எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த தகடு, நாலு காதும் முழுசாக. கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சிநேகிதரைப் பற்றி விசாரிக்கவில்லை.

ஜூன் 15

காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. இருநூறு படகும் ஒன்றாகப் புறப்பட்டன. பாலத்தில் பெண்டு பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரத்தில் துறைமுகம் காலி. நடுவில் எங்கள் படகு மட்டும், மாலை போட்டபடி.

சம்ப்பைக் கழற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே தூக்க வேண்டும். நானும் ரோமால்டும் இரண்டே பேர். நான் ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் வருகிறது. சங்கிலியை இழு என்றால் இழுக்கிறான். வாய் மட்டும் திறக்கவில்லை. ஏதாவது கேட்டுத் தொலைடா என்று நானாகவே இரண்டு தடவை தப்பான சைஸ் கேட்டுப் பார்த்தேன். சரியான சைஸை எடுத்து நீட்டினான்.

இரவு ஒன்பது மணிக்குப் படகுகள் திரும்பின. நல்ல பாடு, வலை கொள்ளாத மீன். இந்த வருஷம் முதல் நாள் இறால் அள்ளிக்கொண்டு வந்ததாம். செலின் கேட்டுவிட்டு, "சரி, ஆள் இருக்கான்" என்று சொல்லிச் சோறு போட்டாள்.

ஜூன் 16

நாலு போல்ட். நாலையும் நான்தான் முடுக்கினேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்த்தேன். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜூன் 17

ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆட்களில் நாலு பேர் திரும்பி வந்திருந்தார்கள்.

சுவரைத் தாண்டியதும் கச்சான் பிடித்துக்கொண்டது. படகு இடது பக்கம் படுக்கிறது, எழுகிறது, வலது பக்கம் படுக்கிறது. நாள் முழுக்க ஒரு நொடிகூட நேராக நிற்கவில்லை. கொல்லிமலையாம், கொண்டை ஊசியாம். எதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் மீட்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். முள் நாலைவிட்டு அசையவில்லை. உள்ளே யார் கண்ணிலும் படாமல் ஒரு முழத் தகடு ஆயிலைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. குடல் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு எழுந்து ஓடி, கைக்குக் கிடைத்த பக்கம் குனிந்தேன்.

"அத்தான்!"

ரோமால்டின் குரல். ஓட்டுகிற சக்கரத்தை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

"காத்து வாற பக்கமா எடுக்கீங்க! எல்லாம் எங்க மூஞ்சிக்குத்தான் வரும். இந்தப் பக்கம் வாங்க."

மூன்று நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினான். குனிந்தபோது கடலில் விழுந்துவிடாமல் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியை விடவே இல்லை. நான் நன்றாக எடுத்து முடிக்கும் வரை நின்றான், முடித்த பிறகும் நின்றான்.

குனிந்தவாக்கில் அழுதேன். வாந்தி எடுத்தால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும் என்று இங்கே எழுதிவிடலாம், டாக்டரம்மாகூட ஒத்துக்கொள்வார். ஆனால் அழுதேன்.